கோடு நெடுக்கவா, குறுக்கவா

அவளிடம் போர்வை தைக்கக் கொடுத்துவிட்டு நாம் வீடு வந்து சேருவதற்குள் அவள் பின்னாலேயே வந்து நிற்பாள். "ஏ பிள்ளே, கரைக்குக் கோடு நெடுக்கப் போணுமா, குறுக்கப் போணுமா?" என்பாள். நெடுக்க என்று சொல்லி அனுப்பினால் நேரே தைக்கப் போக மாட்டாள். அடுத்த வீட்டு வாசலில் நின்று அதையே கேட்பாள். அவர்கள் குறுக்க என்பார்கள். அவள் தலையைச் சொறிந்துகொண்டு மூன்றாவது வீட்டுக்குப் போவாள். சாயங்காலத்துக்குள் ஒரு போர்வைக்கு எங்கள் தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும்.

புன்னைக்காயலில் நான் வாழ்க்கைப்பட்ட தெருவில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவள் தனியாக இருந்தாள். அப்போது அவளுக்கு நாற்பது வயதிருக்கலாம். அவளைக் கேட்டால், "முப்பத்தஞ்சா நாப்பத்தஞ்சான்னு ஒரு சந்தேகம் உண்டு" என்பாள். பெரியவர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், நாங்கள் அக்கா என்றோம். ஒட்டுப்போர்வை தைப்பதுதான் அவள் பிழைப்பு. பழைய சேலை வேட்டிகளை நாலைந்து அடுக்காகப் போட்டு, மேலே நல்ல துணி ஒன்றை விரித்து, முழுக்க ஓட்டுத் தையல் போட்டு, சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்குக் கோடு போட்ட துணியில் கரை வைத்துத் தருவாள். கடலுக்குப் போகிறவர்களும் கொழும்புக்குப் போகிறவர்களும் அதைத்தான் கொண்டு போவார்கள். கம்பளி எங்கள் காற்றுக்கு ஆகாது, ஒரு நாள் நனைந்தால் ஒரு வாரம் நாறும்.

கரை வைப்பதில்தான் அவள் கெட்டிக்காரத்தனம் எல்லாம் இருந்தது. முழுத் துணி வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதால் கைலித் துணியில் மிஞ்சின துண்டுகளைத்தான் வாங்குவாள். ஒரு முழம், அரை முழம், சில சமயம் ஒரு சாண் துண்டுகூட இருக்கும். கத்தரிக்கோலை எடுக்கவே மாட்டாள். ஓரத்தில் பல்லால் ஒரு கடி கடித்து, சர்ரென்று கோட்டோடு கிழித்துவிடுவாள். பிறகு ஒரு துண்டின் நீலக்கோடு அடுத்த துண்டின் நீலக்கோட்டோடு போய் முட்டும்படி வைத்து, நகத்தால் மடிப்பைக் கீறி, மூட்டிக்கொண்டே போவாள். பத்துப் பன்னிரண்டு துண்டு சேர்ந்த கரை ஒரே துணியாகத் தெரியும். மூட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவு கண்ணுள்ளவளுக்கு எந்தப் பக்கம் வைப்பது என்பது மட்டும் ஏன் தெரியவில்லை என்று நான் பலமுறை குழம்பியிருக்கிறேன்.

துண்டுத் துணி விற்க வருகிறவர் காயல்பட்டினத்துக்காரர். அவர் மூட்டையை அவள் வாசலில் அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஊரெல்லாம் சுற்றி விற்று, எங்கோ சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து வருவார். அவள் அப்போதும் ஒரு கையில் பச்சைக்கோடும் ஒரு கையில் சிவப்புக்கோடுமாக உட்கார்ந்திருப்பாள். "ரெண்டையும் எடுத்துக்கிடுங்க" என்று அவர் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் தெரு முனை திரும்புவதற்குள் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க ஓடுவாள். எது என்பது ஓடும்போதுகூட முடிவாகியிருக்காது.

ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தவள், பாதி வழியில் நின்று, திரும்பிக் கோயிலுக்குள் போய்ச் சாமியாரைக் கூப்பிட்டாள். தான் சொன்ன பாவத்தைத் தான் உண்மையில் செய்தோமா, செய்ய நினைத்தோமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது, அதனால் கொடுத்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாளாம். கொடுத்தது கொடுத்ததுதான், அடுத்த பாவத்துக்குக் கழித்துக்கொள் என்று சாமியார் சொன்னதாக உபதேசியார் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு, எந்தப் பாவத்துக்கு என்று கேட்டு அவள் ஒரு மாதம் சாமியாரைத் துரத்தினாள்.

அவளுக்குக் கலியாணம் ஆகாததற்கும் தெருவில் ஒரு கதை உண்டு. அண்ணன் தம்பி இரண்டு பேர் அவளைக் கேட்டு வந்தார்களாம். யாரைக் கட்டுகிறாய் என்று தகப்பனார் கேட்க, யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். அவள் யோசித்து முடிப்பதற்குள் இரண்டு பேரும் ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டார்களாம். இது நிஜமா என்று நான் அவளிடமே கேட்டேன். "அப்பிடித்தான்னு நெனைக்கேன்" என்றாள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே.

என் கலியாணம் முதல் உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நடந்தது. கோயிலில் கலியாண அறிவிப்பாக முதல் ஓலை வாசித்த அன்றே என் அம்மா அவளிடம் போர்வை தைக்கக் கொடுத்தாள். அம்மா நெடுக்க என்றாள். மாமியாராக வரப்போகிறவள் குறுக்க என்றாள். இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவில் அகப்பட்டு அவள் மூன்று ஞாயிற்றுக்கிழமை மூன்று ஓலையும் வாசித்து முடிகிற வரைக்கும் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். கடைசியில் மூன்று பக்கம் நெடுக்கக் கோடும் ஒரு பக்கம் குறுக்கக் கோடுமாகத் தைத்து, எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று கொண்டுவந்து கொடுத்தாள். என் அம்மா வாயில் வந்தபடி ஏசினாள். பிரிக்க நேரமில்லாததால் அது அப்படியே என்னோடு வந்தது.

என் வீட்டுக்காரருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. குறுக்குக் கோடு கால் பக்கம், பார்த்தாலே தெரிந்துவிடும், தலைமாறிப் போர்த்த வேண்டாம் என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். அதைக் கேட்டு மூன்று நாலு பேர் அதேபோல வேண்டும் என்று அவளிடம் போனார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் கேட்டு வந்தார்கள். குழப்பத்தில் பிறந்தது ஒரு வருஷத்தில் நாகரிகமாகிவிட்டது. அவளுக்கு அது எதனால் என்று கடைசிவரை விளங்கவில்லை.

அவர் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலையில் இருந்தார். வருஷத்தில் பத்து மாதம் அங்கே, கிறிஸ்மஸை ஒட்டி ஊரில். எந்தத் தோணியில் இடம் கிடைக்கிறதோ அதில் ஏறி வருவார். அந்த வருஷமும் போர்வையை எடுத்துக்கொண்டு போனவர், கிறிஸ்மஸுக்கு வந்துவிடுவேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்.

கார்த்திகை மாசக் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலையில் கரைவலை இழுத்தவர்கள் சில பலகைகளையும் ஒரு பெட்டி மூடியையும் ஒரு போர்வையையும் மணலில் கொண்டுவந்து போட்டார்கள். கொழும்பிலிருந்து புறப்பட்ட ஒரு தோணி வந்து சேரவில்லை என்று தூத்துக்குடியிலிருந்து அதற்கு முன்தினமே பேச்சு வந்திருந்தது. தோணி ஆட்களின் பேர் தெரியும், அவர்கள் யாரும் எங்கள் ஊர் இல்லை. ஆனால் ஊருக்கு வருவதற்காக இடையில் ஏறிக்கொள்கிறவர்கள் யார் எவர் என்று யாருக்கும் தெரியாது.

போர்வையின் மேல்துணி கிழிந்து போய் உள்ளே இருந்த பழந்துணி பிய்ந்து தொங்கியது. சுற்றுக் கரை மட்டும் ஒரு தையல்கூட விடாமல் இருந்தது. மூன்று பக்கம் நெடுக்க, ஒரு பக்கம் குறுக்க. அதைப் பார்த்ததும் என் மாமியார் மணலில் உட்கார்ந்து மகன் பேரைச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. அது என் போர்வை மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அந்த மாதிரியில், அவள் தைத்ததும் அவளைப் பார்த்து வெளியூரில் தைத்ததுமாக, பத்துப் பதினைந்து போர்வைகள் கடலோர ஊர்களில் இருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியவில்லையா, தெரிந்துகொள்ள மனம் துணியவில்லையா என்பது இன்றுவரை எனக்கே புரியவில்லை.

என்னைச் சுற்றிப் பெண்கள் கூடினார்கள். சாமியாரிடம் சொல்லித் துக்க மணி அடிக்கலாமா என்று ஆண்கள் பேசினார்கள். தாலியை இன்றே எடுக்கலாமா, பூசைக்குப் பிறகா என்று யாரோ மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. தைத்தவளைக் கூப்பிட்டுக் கேட்போமே என்று உபதேசியார் சொன்னார். அந்த நேரத்திலும் ஒருவர், அவள் வந்தால் தன் பேரையே நம்மிடம் கேட்பாள் என்றார். ஆனாலும் ஆள் போயிற்று.

அவள் வந்தாள். குனிந்து கரையைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலால் ஒரு மூட்டைத் தடவினாள், பிறகு அடுத்த மூட்டை. குறுக்குக் கோட்டுப் பக்கம் வந்ததும் அவள் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"யக்கா, இது நம்ம போர்வையா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

"இல்ல. இது நான் தச்சது இல்ல."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. என் மாமியாரின் அழுகை பாதியில் நின்றது. "அவளே நிச்சயமாச் சொல்லிட்டா, இனி வேற என்ன வேணும்" என்றார் உபதேசியார். ஊரே அப்படித்தான் நினைத்தது. ஒன்றிலும் நிச்சயமில்லாதவள் ஒரு தடவை நிச்சயமாகச் சொன்னால் அது வேதவாக்காகத்தான் இருக்க வேண்டும் என்று எங்களுக்குப் பட்டது. அதையே மாற்றி, இவள் இன்றைக்கு மட்டும் ஏன் தயங்கவில்லை என்று யோசித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை. யாரோ வெளியூர்க்காரர், பாவம் என்று சொல்லி, கடலில் போனவர்களுக்காக ஒரு செபம் சொல்லிவிட்டுக் கூட்டம் கலைந்தது. கிடந்துவிட்டுப் போகட்டும், நான் எடுத்துக்கொள்கிறேன் என்று போர்வையை அவளே சுருட்டிக்கொண்டு போனாள்.

அதற்கடுத்த வாரம், உப்புத் தண்ணீர் ஏறாத இடமாகப் பார்த்து ஆற்றில் அவள் அதை அலசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். என்னைக் கண்டதும் அதைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டாள். தான் தைக்காத போர்வைக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன், பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. அவள் தெருவில் வந்து கேட்பதை நிறுத்திவிட்டாள். யார் போர்வை கொடுத்தாலும் யாரையும் கேட்காமல் நாலு பக்கமும் நெடுக்கவே வைத்துத் தைத்துக் கொடுத்தாள். பிழைத்தோம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு மட்டும் அது நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. கிறிஸ்மஸ் வந்தது, போனது. அவருடைய பங்குப் பலகாரத்தை மாமியார் டப்பாவில் எடுத்து வைத்திருந்து, அது சிக்குவாடை அடித்த பிறகும் கொட்டாமல் வைத்திருந்தாள். வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆயிரத்தில் ஒன்றை மட்டும் நினைக்காமல் தாண்டிப் போனேன்.

தை மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் அவர் வந்தார். மொட்டைத் தலையும் ஒட்டின கன்னமுமாக வாசலில் நின்றவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அதற்குள் அவரே கேட்டார்.

"ஏட்டி, போர்வை வந்துதா?"

பிறகு அவர் திக்கித் திணறிச் சொன்னது இதுதான். புறப்பட இருந்த நேரத்தில் அவருக்கு விஷக்காய்ச்சல். கூட வேலை செய்த மணப்பாட்டுக்காரர் ஒருவர் அந்தத் தோணியில் ஊருக்குக் கிளம்பினார். மழைக்காற்றில் அந்த ஆள் நடுங்குவதைப் பார்த்து இவர் போர்வையைக் கொடுத்தார். போர்த்திக்கொண்டு போ, போகிற வழியில் எங்கள் வீட்டில் கொடுத்து, நான் காய்ச்சலாகக் கிடக்கிறேன், தை பிறந்து வருகிறேன் என்று சொல்லிவிடு என்றாராம். சொல்லியிருப்பார், நான் கவலையில்லாமல் இருப்பேன் என்று இவர் இரண்டு மாதமும் நிம்மதியாகக் கிடந்திருக்கிறார்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த அழுகை முடிவதற்குள்ளேயே, அந்த மணப்பாட்டுக்காரருக்கும் ஒரு வீடு இருக்குமே என்பது உறைத்தது. மாமியாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மூன்று பேருமாக அவள் வீட்டுக்குப் போனோம். என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் அவள் ஊசியைக் கீழே வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். சந்தோஷப்பட்டாளா பயந்தாளா என்று சொல்ல முடியாத முகம். மாமியார் மணப்பாட்டுக்காரர் கதையைச் சொல்லி முடித்தாள். எனக்கோ கோபமும் நன்றியும் ஒன்றாக வந்தது. "தெரிஞ்சுதான இல்லன்னு சொன்னீக?" என்றேன்.

"ஒம் மொகத்தப் பாத்தேன். வாயில அதுதான் வந்துது."

"அன்னைக்கே ஆமான்னு சொல்லியிருந்தா கொழும்புக்குத் தந்தி அடிச்சு விசாரிச்சிருப்போமே. அங்கன மணப்பாட்டுல ஒரு பொம்பள ரெண்டு மாசமா வழியப் பாத்துக்கிட்டு இருப்பாளேக்கா."

"அத நான் நெனைக்கலையே பிள்ளே" என்றாள். "ஒரு போர்வைக்கு ஒரு பொண்டாட்டின்னுதான நெனச்சேன்."

பெட்டியைத் திறந்து போர்வையை எடுத்தாள். உப்பெல்லாம் போக அலசி, பிய்ந்த இடங்களை மூட்டி, மடித்து வைத்திருந்தாள். எதையும் தைத்துப் பிரிக்கிறவள் இதன் கரையை மட்டும் தொடவில்லை. தொட்டு மாற்றியிருந்தால் யாராலும் அடையாளம் சொல்ல முடியாமல் போயிருக்கும்.

மறுநாள் காலையில் மணப்பாட்டுக்கு வண்டி கட்டினோம். அவள் வருவாளா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் எங்களுக்கு முன்னால் வந்து வண்டியில் உட்கார்ந்திருந்தாள். திருச்செந்தூர் வரைக்கும் காவடிக்காரர்கள் கூட்டத்துக்குள் வண்டி ஊர்ந்து போனது. அதற்கப்பால் மணல் பாதை. வழி முழுக்க என் வீட்டுக்காரர் உயிரோடு இருப்பதற்கே வெட்கப்படுகிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வந்தார். நான் அவர் கையைத் தொட்டேன். எனக்கும் வெட்கமாக இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தவள், கொழும்பிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டு சிரித்த முகத்தோடு ஓடி வந்தாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அவுக எப்போது வருகிறார்கள் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டே, தோணியையும் காய்ச்சலையும் போர்வையையும் சொன்னார்.

அவள் அழவில்லை. வழக்குப் பேசுகிறவள் போல நிமிர்ந்து நின்றாள். அவுக வேறு தோணியில் ஏறியிருக்கலாம், போர்வையை வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம், போர்வைகூட வேறாக இருக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். நான் மணலில் நின்று எனக்குள் சொல்லிக்கொண்டதையெல்லாம் அவள் வாய்விட்டுச் சொன்னாள். கடைசியில் அக்கா பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா? இதே மாதிரி எத்தனையோ இருக்கும்லா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு எனக்குச் சொன்ன அதே சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்லிவிடக் கூடாதே என்று பதறினேன். சொல்லிவிட்டால்தான் என்ன என்றும் ஒரு கணம் நினைத்தேன்.

"எங் கை தச்சது தாயி. எனக்குத் தெரியும்" என்றாள்.

அந்தப் பெண் போர்வையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குளிருக்கு இது போதுமாக இருந்திருக்குமா என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அக்கா அவளை மடியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

அடக்கம் செய்ய உடல் இல்லை. வெறும் பெட்டியை எப்படிப் புதைப்பது, கடைசியாக அவுக போர்த்தியிருந்ததையாவது வைக்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். என் போர்வை என்பதால் என்னிடம் கேட்டாள். அந்த ஊர்ச் சாமியாரும் சரி என்றார். மறுநாள் பூசைக்குப் பிறகு, என் கலியாணத்துக்குத் தைத்த போர்வையை நான் முகம்கூடப் பார்த்திராத ஒருவர் பேரில் அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இறக்கினார்கள். அக்கா எதிர்ப்பக்கம் அந்தப் பெண்ணைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாரோடும் நானும் குனிந்து மண் அள்ளினேன். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில்தான் நின்றார். ஆனாலும் இடது கையால் அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஒரு பிடி மண்ணை என்னால் போட முடிந்தது.